டிகாக்‌ஷன் இறங்கும் நேரத்தில் தொடங்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாற்பதைக் கடந்தவர்களுக்கான உடற்பயிற்சிக் கட்டுரைகள் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் அடிக்கடி வருகின்றன. அக்கறையோடு எழுதப்பட்டவைதான். ஆனால் பெரும்பாலானவை ‘மன உறுதி வேண்டும்’ என்று சொல்லி முடித்துவிடுகின்றன. அங்கேதான் நான் மாறுபடுகிறேன். ஜனவரி முதல் வாரத்தில் மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவிலும் அண்ணா நகர் டவர் பூங்காவிலும் புதிதாக வருபவர்களால் நடைபாதை நிரம்பி வழியும். பிப்ரவரி பாதியில் பழைய முகங்கள் மட்டும் மிஞ்சும். வராமல் போனவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்திருப்பார்கள். மூன்றாம் வாரம் குதிகால் வலிக்கும். நான்காம் வாரம் எடை பார்த்தால் முள் அசைந்திருக்காது. அதற்குள் ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல். திட்டம் தப்பாக இருந்தால் எவ்வளவு உறுதி இருந்தும் ஆறு வாரம் தாண்டாது. திட்டத்தை எப்படிச் சரிசெய்வது என்பதை, இந்த வயதினருக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் அளவு. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் கேட்கிறது. பலர் கவனிக்காத ஒரு மாற்றமும் அதில் இருக்கிறது. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய விதியை அதில் எடுத்துவிட்டார்கள். நாலு நிமிடம் மாடிப்படி ஏறியதும் கணக்கில் சேரும். தினம் 10,000 காலடி நடக்காவிட்டால் வீண் என்று நினைத்து நடப்பதையே விட்டவர்கள் உண்டு. அந்த எண் 1960-களில் ஜப்பானில் காலடிகளை எண்ணும் ஒரு கருவியை விற்பதற்காக அதற்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. மருத்துவ ஆய்வில் கண்டுபிடித்த எல்லைக்கோடு அல்ல. 3,000 காலடி நடப்பவர் 5,000 நடந்தாலே நல்ல பலன் உண்டு.

நடைக்குக் கிடைக்கும் மரியாதை தசைப் பயிற்சிக்குக் கிடைப்பதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம். முப்பதுகளிலிருந்தே பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரைகிறது. அறுபதுக்கு மேல் வேகம் கூடுகிறது. சாப்பிட்ட சோற்றின் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அதே அளவு சாப்பாட்டுக்கே ரத்தச் சர்க்கரை ஏறும். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் இருக்கிறார்கள் என்று 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்) இண்டியாப் ஆய்வு சொன்னது. அதை முன்னின்று நடத்தியது சென்னையிலேயே உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை. நீரிழிவு இவ்வளவு பரவிய நாட்டில், ‘வாக்கிங் போகிறேன், போதும்’ என்று நின்றுவிடக் கூடாது.

ஒரே ஒரு தசைப் பயிற்சியை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி வேண்டாம். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும், அதனால் முதுகுப்பக்கம் சுவரை ஒட்டி இருக்கட்டும். இருக்கை தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்தில், குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுங்கள். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். பலர் தப்பு செய்வது இந்த இறக்கத்தில்தான். எழுந்துவிட்டோம் என்ற நிம்மதியில் தொப்பென்று விழுவார்கள். தசைக்கு வேலை கொடுப்பதில் பாதி அந்த இறக்கத்தில் இருக்கிறது, அது வீணாகிறது, முதுகெலும்பும் அதிர்கிறது. முழங்கால்கள் உள்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சரிந்தால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருக்கலாம். முழங்கால் இரண்டாவது கால்விரலை நோக்கி இருக்கும்படி கவனித்துச் செய்தால் சில வாரத்தில் சரியாகும். மூச்சை அடக்கக் கூடாது, ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

முதல் வாரம் 8 தடவை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 8. எழவே முடியாதவர்கள் இருக்கைமேல் ஒரு தலையணையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ கூட்டி, 15 வீதம் மூன்று சுற்று சுலபமாக வந்ததும், 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மறுபடி 8-லிருந்து தொடங்குங்கள். சுமை ஏறாவிட்டால் தசை வளராது. வருடக்கணக்காக அதே 20 தோப்புக்கரணத்தைப் போடுகிறவர்களுக்குப் பலன் ஒரு கட்டத்தில் நின்றுபோவது அதனால்தான்.

இதோடு சுவரில் கையூன்றித் தள்ளுவது (சுலபமானால் சமையல் மேடையின் விளிம்பில், பிறகு கட்டிலின் விளிம்பில்), குதிகாலை உயர்த்தி இறக்குவது, ரெசிஸ்டன்ஸ் பேண்டை (இழுவிசை தரும் ரப்பர் பட்டை) ஜன்னல் கம்பியில் கட்டி இழுப்பது ஆகியவற்றைச் சேர்த்தால் போதும். எல்லாம் 15 நிமிடத்தில் முடியும். இன்னொன்றும் சென்னைக்காரர்கள் கட்டாயம் பழக வேண்டும்: குனிந்து தூக்குவது. 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கும்போது முதுகு பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். ஒரு மாப் குச்சியை முதுகோடு வைத்து, பின்தலை, மேல்முதுகு, இடுப்பின் அடியெலும்பு ஆகிய மூன்று இடத்திலும் தொடும்படி பிடித்துக்கொண்டு, முழங்காலைச் சற்று மடக்கி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிந்து பாருங்கள். எந்த இடத்தில் குச்சி விலகுகிறதோ அங்கே முதுகு வளைகிறது. மூன்றும் விலகாமல் குனியப் பழகியபின் 5 லிட்டர் கேனில் தொடங்கி, பாதி நிரப்பிய பெரிய கேன், முழு கேன் என்று ஏறலாம். கேன் உடலை ஒட்டி இருக்க வேண்டும். ஒரு சாண் தள்ளி வைத்துத் தூக்கினாலே முதுகின்மேல் விழும் பாரம் வெகுவாகக் கூடிவிடும்.

இனி, தொடர்வது எப்படி என்ற கேள்வி. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒரு குழு, புதிய செயல் ஒன்று யோசிக்காமலே செய்யும் பழக்கமாக எத்தனை நாளாகும் என்று ஆராய்ந்து 2009-ல் வெளியிட்டது. நடுவாந்தரமாக 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள்வரை கணக்கு போனது. ‘21 நாளில் பழக்கம்’ என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை நம்பி, 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாக இருக்கிறதே என்று மனம் தளர்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: இடையில் ஒரு நாள் தவறுவதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடுவதில்லை.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் புதிய செயலை அன்றாடம் எப்படியும் நடக்கும் ஏதோ ஒன்றோடு கட்டிவைத்துச் செய்தார்கள். நம் வீடுகளில் அதற்கு எத்தனையோ இடம் உண்டு. ஃபில்டரில் கொதிநீர் ஊற்றினால் டிகாக்‌ஷன் இறங்க 15 நிமிடமாவது ஆகும். அந்த நேரம் தினமும் வருகிறது, யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஃபில்டர் மூடியை வைத்த கையோடு நாற்காலிப் பயிற்சி என்று முடிவு செய்யுங்கள். ‘காலையில் செய்வேன்’ என்பது போதாது. எதற்கு அடுத்து, எங்கே, என்ன என்ற மூன்றும் தெளிவாக இருக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை 10 நிமிடம் என்பதும் அப்படித்தான். சாப்பிட்ட பின் நடக்கும் இந்தச் சிறு நடை ரத்தச் சர்க்கரை ஏறுவதை நேரடியாகக் குறைக்கும் என்பதால், நீரிழிவுக்காரர்களுக்கு விடியற்கால நீண்ட நடையைவிட இதையே முதலில் சொல்கிறேன்.

‘காலை 5 மணிக்கு எழுந்து நடங்கள்’ என்று எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆறு மணிக்குள் அடுப்பு பற்றவைத்து, எட்டுக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டும் பெண்களை நினைத்துப் பாருங்கள். மெனோபாஸ் நெருங்கும் வயதில், எலும்பு அடர்த்தி வேகமாகக் குறையும் காலத்தில், பயிற்சி அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். ஓ.எம்.ஆர் சாலை ஐ.டி. நிறுவனங்களில் இரவு ஷிப்ட் முடித்து அதிகாலையில் வீடு திரும்புகிறவர்களுக்கும் இந்த அறிவுரை பொருந்தாது. தூக்கத்தைப் பிடுங்கிச் செய்யும் பயிற்சி நீடிக்காது. 10 நிமிடமாக மூன்று வேளை பிரித்தாலும் வாரக் கணக்கு நிறைகிறது. 1953-ல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை ஒப்பிட்டபோது, நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்ததைக் கண்டார். உடற்பயிற்சியும் இதயமும் பற்றிய நவீன ஆராய்ச்சிக்கே அது அடித்தளம். அந்த நடத்துநர்கள் ‘பயிற்சி’ என்று தனியாக எதையும் செய்யவில்லை. மெட்ரோ நிலையத்தில் எஸ்கலேட்டருக்குப் பக்கத்திலேயே படிக்கட்டு இருக்கிறது.

வேகம் எப்படித் தெரியும்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. 15 விநாடியில் 25 காலடி என்பது மிதமான வேகம். கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் மெட்டோபுரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. ஒரு குறிப்பிட்ட துடிப்பு எண்ணை எட்டியே தீர வேண்டும் என்று வேகத்தைக் கூட்டினால் உடம்பு தாங்காது.

நண்பர்களோடு நடப்பது வருகையை உறுதிப்படுத்தும், நல்லது. வேகம் மட்டும் அரட்டையில் கரையும். முதல் 20 நிமிடம் அவரவர் வேகம், பிறகு சேர்ந்து நடை என்று வைத்துக்கொள்ளும் குழுக்கள் நீடிக்கின்றன. மொட்டை மாடியில் எட்டு போட்டு நடப்பவர்களும் உண்டு. எட்டு வடிவத்தில் மந்திரம் எதுவும் இல்லை. திருப்பங்கள் உடல் சமநிலைக்கு நல்லது. ஆனால் எட்டு சிறிதாக இருந்தால் வேகம் வராது.

சென்னையின் வானிலைக்குத் தனித்திட்டம் இல்லாத எதுவும் இங்கே ஓராண்டு தாங்காது. கத்திரி வெயில் நாட்களில் விடியற்காலை வெப்பம் குறைவு, ஆனால் காற்றின் ஈரப்பதம் அப்போதுதான் உச்சம். வியர்வை காயாது, உடல் குளிராது, அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்கும். அந்த நாட்களில் வேகத்தைக் குறைப்பது தோல்வி அல்ல, சரியான கணக்கு. கடற்காற்று வந்தபின் மாலையில் நடப்பது பலருக்கு ஒத்துவரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய நீரில் நடக்கவே வேண்டாம். மூடியில்லாத மழைநீர்க் கால்வாய் கண்ணுக்குத் தெரியாது, எலிக்காய்ச்சல் அபாயமும் உண்டு. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குக் கார் நிறுத்துமிடமும் படிக்கட்டும் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் படியில் ஏறி லிஃப்டில் இறங்குங்கள், முட்டியில் அழுத்தம் கூடுவது இறங்கும்போதுதான். மழை வந்தால் என்ன செய்வேன் என்பதை செப்டம்பரிலேயே முடிவு செய்துவிட வேண்டும். மழை பெய்யும் காலையில் யோசித்தால் போர்வைதான் ஜெயிக்கும்.

எடையை அளவுகோலாக வைப்பது ஊக்கத்தைக் கொல்லும் முதல் காரணம். 70 கிலோ உடையவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 130 முதல் 150 கலோரி. நடை முடிந்து கையேந்தி பவனில் ஒரு வடை, சர்க்கரை போட்ட காபி என்றால் கணக்கு நேராகிவிடும். எடை குறைவது முக்கியமாகச் சாப்பாட்டில் நடக்கும் வேலை. பயிற்சியின் பலனை வேறு இடத்தில் அளக்க வேண்டும். தையல்காரரின் இஞ்ச் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்டபின் சுற்றளவு எடுங்கள். நம் நாட்டவருக்கு எல்லை ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. பேண்ட் அளவு இதைக் காட்டாது. பேண்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிடும். அடுத்து, 30 விநாடியில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை தடவை எழ முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14-க்குக் கீழும் பெண்களுக்கு 12-க்குக் கீழும் வந்தால் சராசரிக்குக் குறைவு என்பது கணக்கு; ஐம்பதிலேயே அந்த எண்ணில் நிற்பவர்கள் தாமதிக்கக் கூடாது. இந்த எண் நான்கைந்து வாரத்திலேயே கண்முன் ஏறும். எடை முள் தராத சந்தோஷத்தை இது தரும், மறுநாளும் எழுப்பிவிடும்.

வலி விஷயத்தில் ஒரு விளக்கம். புதிய தசைப் பயிற்சிக்குப் பின் 24 முதல் 72 மணி நேரம் தசை கனமாக, தொட்டால் வலிப்பதாக இருக்கும். அது தானாகப் போகும், அதற்காக நிறுத்த வேண்டாம். மூட்டுக்குள் குத்தும் வலி, வீக்கம், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவை வேறு வகை. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் குதிகால் சுள்ளென்றால் அது பாதத்தின் அடிச்சவ்வு வலி. நடையின் அளவைச் சட்டென்று கூட்டியதும், வீட்டில் நாள் முழுக்க வெறுங்காலோடு கிரானைட்டிலும் டைல்ஸிலும் நிற்பதும் முக்கியக் காரணங்கள். கட்டிலிலிருந்து இறங்குமுன் ஒரு துண்டைக் கால்விரல்களில் மாட்டி உங்களை நோக்கி 30 விநாடி இழுத்துப் பிடியுங்கள், மூன்று தடவை. வீட்டுக்குள் செருப்பா என்று தயங்காமல், வெளியே போடாத மெத்தென்ற ஒரு ஜோடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நடையைப் பாதியாக்கி, வாரம் பத்து சதவீதம் என்று கூட்டுங்கள். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் உலர்ந்த மணலில் நடப்பது இந்த வலியைக் கிளப்பும். நீரிழிவால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் மணலில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. சிப்பி கிழித்தால்கூடத் தெரியாது. ஷூவை மாலையில் வாங்குங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. நுனியில் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டரில் மெத்தை அமுங்கிவிடும். தினம் 4 கி.மீ., வாரம் 5 நாள் என்றால் ஆறிலிருந்து ஒன்பது மாதம்.

காய்ச்சலாலோ ஊர்ப் பயணத்தாலோ ஒரு வாரம் விட்டுப்போனால் விட்ட அளவில் பாதியில் தொடங்குங்கள். பழைய அளவுக்கு அன்றே தாவுகிறவர்கள்தான் அடிபட்டு மறுபடி ஒரு மாதம் உட்காருகிறார்கள். சிக்குன்குனியா, டெங்குவுக்குப் பின் மூட்டு வலியும் அசதியும் வாரக்கணக்கில் நீளலாம். அப்போது 5 நிமிட நடைகூடப் போதும், செய்யும் நேரத்தை மட்டும் விடாதீர்கள்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத் திணறல், தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நிறுத்தி, 108-ஐ அழைக்க வேண்டும். ‘வாயு’ என்று சோடா குடித்துவிட்டு நடையைத் தொடர்வது உயிரைப் பணயம் வைப்பது. இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு, கிளிகிளசைடு போன்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுகிறவர்களும், நடக்கும்போது ரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம் என்பதால், பையில் 15 கிராம் குளுக்கோஸ் அல்லது மூன்று டீஸ்பூன் சர்க்கரை வைத்துக்கொள்ளட்டும். நடுக்கம், திடீர்ப் பசி, வியர்வை வந்தால் அதைச் சாப்பிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து, ரத்தச் சர்க்கரை 70-க்கு மேல் ஏறியதைப் பார்த்தபின் எழ வேண்டும்.

கடைசியாக நம் பூங்காக்களைப் பற்றி. திறந்தவெளிக் கருவிகள் நிறைய வந்திருக்கின்றன, மகிழ்ச்சி. ஆனால் நின்றபடி இடுப்பைச் சுழற்றும் தட்டு மேல் வேகமாகச் சுழல்வதால் தொப்பை குறையாது. முதுகெலும்பின் தட்டு (டிஸ்க்) விலகியவர்களுக்கு அது ஆபத்து. ஊஞ்சல்போல் கால் வீசும் கருவியில் எதிர்ப்பே இல்லை, அதனால் தசை வலுவாவதில்லை. எந்தக் கருவி எதற்கு, யார் தொடக் கூடாது என்று தமிழில் ஒரு பலகை வேண்டும். 2023 நவம்பரில் அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின் 8 கி.மீ. பாதையும் நல்ல முயற்சி. ஆனால் புதியவருக்கு 8 கி.மீ. என்பது முதல் நாள் இலக்கு ஆகாது. அந்தப் பாதைகளிலும் எல்லாப் பூங்கா நடைபாதைகளிலும் 100 மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கோடும் எண்ணும் எழுதினால், 70 விநாடிக்குள் ஒரு கோட்டிலிருந்து அடுத்ததற்குப் போகிறோமா என்று எவரும் தன் வேகத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம். தங்கள் ஞாயிறு இணைப்பிலும் 12 வாரத்துக்கு 84 கட்டங்கள் கொண்ட ஒரு அட்டவணையைக் கால் பக்கத்தில் அச்சிட்டுத் தந்தால், வாசகர்கள் வெட்டி எடுத்துச் சமையலறைக் கதவில் ஒட்டி, செய்த நாளில் பேனாவால் டிக் போடுவார்கள். ஃபில்டர் வைக்கும் மேடைக்கு எதிரே ஒட்டினால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் வாசகர்,
மயிலாப்பூர், சென்னை – 4